ஜார் வந்துச்சு, லிப் வரலை

புனே வந்து பொட்டி தட்ட ஆரம்பிச்ச புதுசு. 2008 தீபாவளிக்கு முந்தின வாரம். போசரியில ஒரு பட்டறைக்கு போனஸ் பட்டியல் போட்டுத் தர்ற ப்ரோக்ராம் ஒண்ணு ஜாவாவில எழுதியிருந்தேன். என் பொட்டியில ஜம்முன்னு ஓடிச்சு. ஜார் கோப்பை மட்டும் பென் டிரைவுல போட்டுட்டு அங்க போய் ஓட்டினா... 'நோ கிளாஸ் டெஃப் ஃபவுண்ட் எரர்'! வெளிய நாற்பது பேர் உட்கார்ந்திருக்காங்க. பாதிப் பேருக்கு அன்னிக்கு ராத்திரியே உ.பி., பீகார் வண்டி. பட்டியல் வந்தாத்தான் பணம்.

ஏன் இப்படி ஆச்சு? கொஞ்சம் கொசுவத்தி சுத்துவோம்.

ஜாவா 1.0-வை சன் மைக்ரோசிஸ்டம்ஸ் 1996 ஜனவரியில வெளியிட்டாங்க. அது ஆப்லெட் காலம். பிரவுசர் ஒவ்வொரு கிளாஸ் கோப்பையும் தனித்தனியா இழுக்கணும். டயல்-அப்ல அது எவ்வளவு கொடுமைன்னு அனுபவிச்சவங்களுக்குத் தெரியும். எல்லாத்தையும் ஒரே மூட்டையா கட்டி இறக்கத்தான் 1997-ல ஜேடிகே 1.1-ல ஜார் வந்துச்சு. உள்ளுக்குள்ள அது வெறும் ஜிப் தான்.

1998 டிசம்பர்ல வந்த 1.2-ல, ஜாரை நேரடியா ஓட்டுற வசதியும் வந்துச்சு. சூட்சுமமே இங்கதான். அப்படி ஓட்டினா, நாம தனியா கொடுக்கிற கிளாஸ்பாத்தை ஜாவா கண்டுக்காது. ஜாருக்குள்ள இருக்கிற மேனிஃபெஸ்ட் கோப்புல உள்ள 'கிளாஸ்-பாத்' வரியைத்தான் பார்க்கும். அந்த வரியோ வெறும் முகவரிச் சீட்டு: 'பக்கத்து லிப் ஃபோல்டர்ல போய்ப் பாரு'ன்னு சொல்லும், அவ்வளவுதான். சரி, லைப்ரரி ஜாரை நம்ம ஜாருக்குள்ளயே திணிச்சா? சாதாரண கிளாஸ் லோடருக்கு அது கண்ணுல படாது.

நான் பயன்படுத்தின நெட்பீன்ஸ், டிஸ்ட் ஃபோல்டர்ல ஜாரையும் பக்கத்துலயே லிப்பையும் வச்சு, 'ரெண்டையும் சேர்த்து எடுத்துட்டுப் போ'ன்னு ஒரு ரீட்மீயும் போட்டிருந்துச்சு. படிச்சாத்தானே :-(

எரர்லயே காணாமப் போன கிளாஸ் பேர் இருந்துச்சு. எக்செல் கோப்பு எழுதுற அப்பாச்சி பிஓஐ-யோடது. பைக்கை எடுத்துட்டு ரூமுக்குப் போய், டிஸ்ட் ஃபோல்டரை முழுசா அள்ளிட்டு வந்தேன். ஓடிச்சு.

அப்புறம் நிறைய மாறிடுச்சு. 2005-ல வந்த மேவன் 2 தேவையான லைப்ரரியைத் தானே இறக்கிக்கும். அதோட ஷேட் பிளக்-இன் எல்லா கிளாஸையும் பிரிச்சு ஒரே குண்டு ஜாரா கட்டிடும். 2014-ல ஸ்பிரிங் பூட், ஜாருக்குள்ள இருக்கிற ஜாரைப் படிக்கத் தனி லோடரோட வந்துச்சு. ஆனாலும் தொல்லை ஒழியலை. 2018-ல ஜாவா 11 வந்தப்ப, அதுவரை ஜாவாவோடயே வந்துட்டிருந்த ஜாக்ஸ்-பி-யை எடுத்துட்டாங்க. வருஷக்கணக்கா ஓடின ப்ரோக்ராம் எல்லாம் அதே எரரோட நின்னுச்சு.

வைத்தியம் இன்னிக்கும் அதேதான். எரர்ல இருக்கிற கிளாஸ் பேரைப் படிங்க. அது எந்த ஜார்ல இருக்குன்னு பாருங்க. மேனிஃபெஸ்ட் சொல்ற இடத்துல அந்த ஜார் இருக்கான்னு பாருங்க.

அன்னிக்குப் பணம் கைக்கு வர ராத்திரி எட்டாயிடுச்சு. நாலு பேர் வண்டியை விட்டுட்டாங்க. தீபாவளி நேரத்துல மறு டிக்கெட் கிடைக்கிறது எவ்வளவு கஷ்டம்னு நமக்குச் சொல்லணுமா என்ன?

இப்பல்லாம் எந்த ஜாரையும் வேற பொட்டியில வச்சு ஒரு தடவை ஓட்டிப் பார்க்காம அனுப்புறதில்லை.