சிறையும் ஏடும்: கனேடிய வீரர் லெனாட் பேர்ச்சலின் வாழ்வு பற்றிய ஒரு நோக்கு

மாத்தளை நகருக்குச் சற்று வடக்கே, தம்புள்ளைக்குச் செல்லும் வீதியோரத்தில் அலுவிகாரை என்னும் பழம்பெரும் குகை விகாரை அமைந்துள்ளது. அதுவரை வாய்மொழியாகவே பேணப்பட்டு வந்த பௌத்தத் திரிபிடகம், கி.மு. முதலாம் நூற்றாண்டில், வட்டகாமணி அபயனின் காலத்தில், இங்குதான் முதன்முதலாக ஏட்டில் எழுதப்பட்டது என்பது மரபு. போரும் பஞ்சமும் நாட்டை வாட்டிய காலம் அது. மறைநூல்களை மனனஞ் செய்திருந்த பிக்குகள் மடிந்தால், அவர்தம் நெஞ்சிலிருந்த நூல்களும் உடன் மடிந்துவிடும் என்ற அச்சமே எழுத்தாணியை எடுக்கச் செய்தது எனலாம். அழிவு நெருங்கும் வேளையில் எழுதி வைப்பது மனித இனம் கண்ட தற்காப்புகளுள் ஒன்று.

இருபதாம் நூற்றாண்டில், யப்பானியச் சிறைமுகாம்களில் அதே அச்சத்தால் உந்தப்பட்டு நாட்குறிப்பு எழுதினார் ஒருவர். அவர் கனடா நாட்டவர். எனினும் அவர் சிறைப்பட்டமைக்குக் காரணம் இலங்கையே. லெனாட் பேர்ச்சல் என்னும் அவ்வீரரின் வரலாறு இந்நாட்டில் பெரும்பாலும் ஒரே நாளின் கதையாகவே கூறப்படுகின்றது. அந்நாளுக்குப் பிந்திய வாழ்வே கூடுதலாக ஆராயத்தக்கது என்பதை எடுத்துக்காட்டுவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

பேர்ச்சல் 1915ஆம் ஆண்டு யூலை 6ஆம் நாள் கனடாவின் ஒன்ராறியோ மாகாணத்துச் சென் கதறின்ஸ் நகரிற் பிறந்தார். கிங்ஸ்ரனில் உள்ள அரச இராணுவக் கல்லூரியில் 1937இல் பயிற்சியை நிறைவுசெய்து கனேடிய அரச விமானப்படையிற் சேர்ந்தார். 1942இன் தொடக்கத்தில் கீழைத்தேயப் போர்நிலை பிரித்தானியருக்கு மிகவும் பாதகமாகத் திரும்பியிருந்தது. பெப்ரவரி 15இல் சிங்கப்பூர் வீழ்ந்தது. மார்ச் 8இல் இறங்கூன் யப்பானியர் வசமாயிற்று. இந்நிலையில் 413ஆம் கனேடிய விமானப் பிரிவு இலங்கையின் தென்கரையிலுள்ள கொக்கலைக்கு அனுப்பப்பட்டது. பேர்ச்சல் கொக்கலையை அடைந்தது ஏப்ரல் 2இல். நான்காம் நாளே அவர் கற்றலினா என்னும் நீர்விமானத்தில் எண்மர் துணையுடன் ரோந்து சென்றார்.

அன்று பிற்பகல், ரோந்து முடியுந் தறுவாயில், இலங்கைக்குத் தெற்கே நெடுந்தொலைவிற் கடற்பரப்பில் சில புள்ளிகள் தென்பட்டன. அருகிற் சென்றபோது, அவை ஐந்து விமானந்தாங்கிக் கப்பல்களைக் கொண்ட அட்மிரல் நகுமோவின் படையணி என்பது தெளிவாயிற்று. பேர்ச்சலின் குழுவினர் உடனே வானொலியில் எச்சரிக்கை அனுப்பத் தொடங்கினர். செய்தி முழுமையாகச் சென்று முடிவதற்குள் யப்பானியப் போர்விமானங்கள் அவர்களைச் சூழ்ந்து தாக்கி வீழ்த்தின. ஒன்பதின்மருள் மூவர் உயிரிழந்தனர். கடலில் மிதந்த எஞ்சிய அறுவரும் எதிரிக் கப்பலால் எடுக்கப்பட்டுக் கைதிகளாயினர்.

மறுநாள், உயிர்த்த ஞாயிறன்று, கொழும்பு தாக்கப்பட்டது. துறைமுகத்திலிருந்த கப்பல்களுட் பல முன்னரே வெளியேற்றப்பட்டமையால் யப்பானியர் எதிர்பார்த்த பேரழிவு நிகழவில்லை. இதனாலேயே பேர்ச்சலுக்கு ‘இலங்கையின் மீட்பர்’ என்னும் பெயர் வழங்கலாயிற்று. ஆயினும் வரலாற்று மாணவர் இப்பட்டத்தைச் சற்று நிதானித்தே ஏற்றல் வேண்டும். தாக்குதல் ஒன்று வருமென்பதைப் பிரித்தானியப் புலனாய்வினர் முன்னரே அறிந்திருந்தனர். பேர்ச்சலின் செய்தி அதனை உறுதிப்படுத்தி நேரத்தைக் காட்டியது. எச்சரிக்கை கிடைத்தும், இரத்மலானையில் விமானங்கள் பல தரையிலேயே தாக்குண்டன. டோசெற்ஷயர், கோண்வோல் ஆகிய போர்க்கப்பல்கள் அதே நாளிற் கடலில் மூழ்கடிக்கப்பட்டு 424 பேர் மாண்டனர். ஏப்ரல் 9இல் திருகோணமலையும் தாக்கப்பட்டது. மட்டக்களப்புக்கு அப்பால் ஹேர்மீஸ் என்னும் விமானந்தாங்கிக் கப்பல் அழிந்தது. மேலும், யப்பானியரின் அப்போதைய நோக்கம் பிரித்தானியக் கடற்படையை ஒழிப்பதேயன்றி இலங்கையிற் படையிறக்கி நாட்டைக் கைப்பற்றுவது அன்று. ஆகவே பேர்ச்சல் தனியொருவராக இலங்கையைக் காத்தார் என்பது மிகைக்கூற்று. அவரது செய்தி பல உயிர்களைக் காத்தது என்பதே பொருத்தமானது.

அவரது பெருமைக்கு உறுதியான சான்று சிறைவாழ்விலேயே கிடைக்கின்றது. செய்தி எதனையும் அனுப்பவில்லை என்று கைதிகள் முதலிற் சாதித்தனர். ஆனால் செய்தியை மீண்டும் அனுப்புமாறு கொழும்பு கேட்டதை யப்பானியர் இடைமறித்துக் கேட்டனர். உண்மை வெளிப்பட்டதும் அடியும் உதையும் கூடின. பின்னர் யப்பானுக்குக் கொண்டுசெல்லப்பட்ட பேர்ச்சல், ஒபூனா என்னுமிடத்துக் கடற்படை விசாரணை முகாமில் வைக்கப்பட்டார். அங்கிருந்தோர் போர்க்கைதிகளாகப் பதிவு செய்யப்படவில்லை. செஞ்சிலுவைச் சங்கத்துக்கும் அவர்களைப் பற்றி அறிவிக்கப்படவில்லை. உயிரோடிருந்தும் உலகின் கணக்கில் இல்லாதோராய் அவர்கள் வாழ்ந்தனர்.

அதன்பின் யொக்கோகாமா முதலிய முகாம்களில் மூத்த அதிகாரி என்ற முறையிற் பிற கைதிகளின் பொறுப்பு அவரைச் சார்ந்தது. ஹொங்கொங்கின் வீழ்ச்சியிற் கனேடியரும் பெருந்தொகையிற் சிறைப்பட்டிருந்தனர். அங்கு அனுப்பப்பட்ட 1,975 கனேடியருள் போரிலும் சிறையிலுமாக 550க்கு மேற்பட்டோர் மாண்டமை, அக்கால முகாம்களின் தன்மையை உணர்த்தப் போதுமானது. உணவு குறைந்த இடத்தில் மனிதர் ஒருவரையொருவர் ஐயுறுதல் இயல்பு. பேர்ச்சலின் முகாமில் உணவு யாவரும் காணப் பகிரப்பட்டது. அதிகாரி ஒருவரின் பங்கு தன் பங்கிலும் பெரிது என எண்ணும் எவரும் அதனை மாற்றிக்கொள்ளலாம். நோயாளிகளை வேலைக்கு இழுத்துச் செல்ல முயன்ற காவலரை அவர் தாமே கைகொண்டு தடுத்தார். அதற்காகத் தனிச்சிறை ஏற்றார். ஆட்களை வதைத்தமைக்கு எதிராக வேலைமறுப்பும் நடத்தினார். தண்டனை முகாமாகிய ஒமோரிக்கும் அனுப்பப்பட்டார். அதிகாரியின் சொல்லுக்கு மதிப்பைத் தருவது சின்னமா, பகிர்ந்துண்ட சோறா என்னும் வினாவுக்கு அவரது நடத்தையே விடையாயிற்று.

இவற்றினூடே அவர் இரகசியமாக நாட்குறிப்பும் எழுதி வந்தார். அகப்பட்டால் உயிருக்கே ஆபத்து. ஆகையால் ஏடுகள் மறைத்துப் புதைக்கப்பட்டன. 1945 ஓகஸ்ட் 27இல் விடுதலை கிடைத்தபோது மூன்றாண்டுகளும் ஏறத்தாழ ஐந்து மாதங்களும் கழிந்திருந்தன. அக்குறிப்புகள் பின்னர்ப் போர்க்குற்ற விசாரணைகளிற் சான்றாயின. அவரும் சாட்சியமளித்தார்.

விடுதலைக்குப் பிந்திய வாழ்வும் நெடியது. 1963 முதல் 1967 வரை தாம் பயின்ற அரச இராணுவக் கல்லூரிக்கே தலைவராயிருந்து, எயர் கொமடோர் பதவியுடன் ஓய்வு பெற்றார். பின்னர் ரொறன்ரோவிலுள்ள யோர்க் பல்கலைக்கழகத்தின் நிர்வாகக் கற்கைகள் பீடத்திற் தலைமை நிர்வாக அலுவலராக 1982 வரை பணியாற்றினார். பட்டினிச் சோற்றை நேர்மையாய்ப் பகிர்ந்தவர், அமைதிக் காலத்தில் ஒரு கல்விக்கூடத்தின் நடைமுறைகளைக் கவனித்தார். புறத்தே வேறுபட்டுத் தோன்றினும், பொதுப்பொறுப்பை ஒழுங்காக நடத்துதல் என்னும் பண்பு இரண்டிற்கும் ஒன்றே. 2004 செப்ரெம்பர் 10இல், தமது 89ஆவது வயதில், கிங்ஸ்ரனிற் காலமானார்.

இவ்வரலாற்றை மாத்தளையிலிருந்து நோக்குவோர்க்கு வேறொரு வினாவும் எழுகின்றது. மலாயாவும் ஒல்லாந்த இந்தியத் தீவுகளும் வீழ்ந்தபின் நேச நாடுகளுக்கு இயற்கை இறப்பரை வழங்கும் முக்கிய நாடு இலங்கையாயிற்று. மாத்தளைத் தோட்டங்களிற் பால்வெட்டிய தமிழ்த் தொழிலாளரும் அப்போருக்கு உழைத்தவர்களே. பர்மிய அரிசி நின்றதால் பங்கீட்டு உணவில் வாழ்ந்தவர்களும் அவர்களே. அவர்களைப் போன்றே திருச்சிராப்பள்ளி, சேலம் முதலிய மாவட்டங்களிலிருந்து மலாயாவுக்குச் சென்ற தொழிலாளரின் கதி இன்னுங் கொடியது. அவர்களுட் பல்லாயிரவரை யப்பானியர் சயாம்-பர்மா இரயில் பாதை வேலைக்குக் கொண்டுசென்றனர். 415 கிலோமீற்றர் நீளமான அப்பாதையில் ஏறத்தாழ 12,000 போர்க்கைதிகளும், தமிழர் உள்ளிட்ட ஆசியத் தொழிலாளர் ஏறத்தாழ 90,000 பேரும் மாண்டனர் என மதிப்பிடப்படுகின்றது. கைதிகளிடையே அதிகாரிகளும் மருத்துவரும் இருந்தனர். பெயர்ப் பட்டியல்களும் இருந்தன. தொழிலாளரிடம் இவை இருக்கவில்லை. நோயாளிக்காகக் காவலரைத் தடுக்க அவர்களுக்கு ஒரு பேர்ச்சல் வாய்க்கவில்லை. நாட்குறிப்பைப் புதைத்து வைத்தோரும் அரியர். போர்க்கைதிகளின் இறப்பு ஏறத்தாழ ஆள்வாரியாக அறியப்பட்டிருக்க, தொழிலாளரின் இறப்பு மதிப்பீடாகவே நிற்பதன் காரணம் இதுவே.

1951 செப்ரெம்பரில் சன்பிரான்சிஸ்கோ மாநாட்டில் இலங்கையின் நிதியமைச்சர் ஜே. ஆர். ஜயவர்த்தனா யப்பானிடம் இழப்பீடு கோரும் உரிமையைக் கைவிடுவதாக அறிவித்தார். பகையைப் பகையால் தணிக்கவியலாது என்னும் பௌத்தக் கருத்தை அவர் அங்கு எடுத்தாண்டார். அக்கருத்தைத் தாங்கும் தம்மபதம், அலுவிகாரையில் ஏடேறியதாகக் கூறப்படும் திரிபிடகத்தின் ஒரு பகுதியே. மன்னித்தல் பெருந்தன்மை என்பதில் ஐயமில்லை. ஆனால் மன்னிப்பதற்கு முன் நடந்தது இன்னதென்று அறிந்திருத்தல் வேண்டும். அறியாததை மன்னித்தல் மறத்தலேயாகும். பேர்ச்சல் எழுதியமையால் அவர்தம் தோழரின் துன்பம் அறியப்பட்டது. எழுதுவாரின்றி மடிந்த நம்மவரின் துன்பத்தை, எஞ்சியுள்ள முதியோரின் நினைவுகளிலிருந்தும் குடும்பங்களின் வாய்மொழியிலிருந்தும் திரட்டி ஏட்டிலேற்றுதல் தமிழ்கூறு நல்லுலகின் வரலாற்று மாணவர்க்கு எஞ்சியிருக்கும் கடனாகும். அலுவிகாரைத் துறவியர் காலந்தாழ்த்தாது அதனைச் செய்தனர். அவ்விகாரையின் அயலில் வாழ்வோர் அதனை மறத்தலாகாது.