மன்றம் இல்லாத நடிகர்: டி.எஸ். பாலையாவும் எங்க ஊர் ரசிகர்களும்

திண்டுக்கல்லுக்குத் தமிழ் சினிமா வரலாற்றில் ஒரு தனி இடம் உண்டு. அது எந்தப் படப்பிடிப்பாலும் வந்த இடமில்லை, ஒரு இடைத்தேர்தலால் வந்தது. 1972 அக்டோபரில் எம்.ஜி.ஆர். புதுக்கட்சி ஆரம்பிக்கிறார். ஏழு மாதம் கழித்து, 1973 மே மாதம், திண்டுக்கல் நாடாளுமன்றத் தொகுதியில் அவருடைய வேட்பாளர் மாயத்தேவர் இரட்டை இலைச் சின்னத்தில் நின்று ஜெயிக்கிறார். ஆளுங்கட்சியான தி.மு.க. மூன்றாவது இடத்துக்குப் போகிறது. ரசிகர் மன்றம் என்பது படம் ரிலீஸ் அன்னைக்குத் தோரணம் கட்டுற கூட்டம் மட்டுமில்லை, ஓட்டாகவும் மாறும்னு நாடு பார்த்தது இங்கேதான். இதைப் பற்றி நிறைய பேர் எழுதிவிட்டார்கள். நான் எழுத வந்தது அதே கதையின் இன்னொரு பக்கம்.

எம்.ஜி.ஆரின் முதல் படம் 1936-இல் வந்த 'சதிலீலாவதி'. எஸ்.எஸ். வாசன் ஆனந்த விகடனில் எழுதிய தொடர்கதை, எல்லிஸ் ஆர். டங்கன் என்ற அமெரிக்கர் இயக்கம், எம்.கே. ராதா கதாநாயகன். எம்.ஜி.ஆருக்குச் சின்னதாக ஒரு போலீஸ் இன்ஸ்பெக்டர் வேஷம். அதே படத்தில் அறிமுகமான இன்னொரு இளைஞருக்கு வில்லன் வேஷம், அதாவது எம்.ஜி.ஆருடையதை விடப் பெரிய வேஷம். அவர்தான் டி.எஸ். பாலையா. தூத்துக்குடிப் பக்கம் சுண்டங்கோட்டையில் 1914-இல் பிறந்து, நாடக மேடை வழியாக வந்தவர். என்.எஸ். கிருஷ்ணனும் அந்தப் படத்தில் நடித்தார். ஒரே படத்தில் இத்தனை பேர் உள்ளே வந்தது தமிழ் சினிமாவில் வேறு எப்போதாவது நடந்திருக்கிறதா என்பது சந்தேகம்தான்.

பாலையா 1972 ஜூலையில் காலமானார். எம்.ஜி.ஆர். கட்சி தொடங்க மூணு மாசம் பாக்கி. ஒரே வாசலில் நுழைந்த ரெண்டு பேர். ஒருத்தர் பெயரில் இருந்த மன்றங்கள் எங்க ஊரில் ஒரு தேர்தலையே புரட்டிப் போட்டன. இன்னொருத்தர் முப்பத்தாறு வருஷம் நடித்தும் அவர் பெயரில் ஒரு மன்றப் பலகையை எங்க ஊர்ப் பெரியவர்கள் யாரும் பார்த்ததாகச் சொன்னதில்லை. ஆனால் ரசிகர் இல்லையா? அதுதான் வேடிக்கை. இன்றைக்கும் திண்டுக்கல் டீக்கடைகளில் அறுபது வயசு தாண்டின நாலு பேர் சேர்ந்து பழைய படம் பேச ஆரம்பித்தால், சிவாஜியா எம்.ஜி.ஆரா என்ற சண்டை பத்து நிமிஷத்தில் அலுத்துப்போகும். அப்புறம் பேச்சு பாலையாவுக்கு வந்துவிடும். அங்கே கட்சி கிடையாது, ஆனால் கோஷ்டி உண்டு. 'காதலிக்க நேரமில்லை' கோஷ்டி, 'திருவிளையாடல்' கோஷ்டி, 'தில்லானா மோகனாம்பாள்' கோஷ்டி. எதில் அவர் உச்சம் என்பதுதான் வழக்கு. தீர்ப்பு இதுவரை வரவில்லை.

இந்த மூணுமே 1964-க்கும் 1968-க்கும் இடையில் வந்த படங்கள். பாலையா அப்போது ஐம்பதைத் தொட்டுவிட்டவர். அதற்கு முன்னால் இருபத்தெட்டு வருஷம் இருக்கிறதே, அது எங்கே போச்சு? ரசிகர்கள் பேச்சில் அது ஏறக்குறைய காணாமல் போய்விடுகிறது. எனக்கு இது கொஞ்சம் உறுத்துகிற விஷயம்.

ஏனென்றால் அவர் முதல் பாதி முழுக்க வில்லன். 'சதிலீலாவதி'க்கு அடுத்த வருஷமே டங்கன் இயக்கிய 'அம்பிகாபதி'யில் எம்.கே. தியாகராஜ பாகவதருக்கு எதிராகத் தளபதி ருத்ரசேனன். 1948-இல் 'மோகினி'யில் எம்.ஜி.ஆரோடு சேர்ந்து முக்கிய வேஷம், அப்போதும் மூத்த கை பாலையாதான். 1949-இல் அண்ணாதுரையின் 'வேலைக்காரி'யில் கே.ஆர். ராமசாமிக்கு நண்பனாக வரும் மணி. பணக்காரனைப் பழிவாங்கக் கத்தியைத் தீட்டாதே, புத்தியைத் தீட்டு என்று வழி காட்டுகிற ஆள். அந்தக் காலத்துப் புது அரசியலின் குரல் கதாநாயகன் வாயில் பாதி வந்தது என்றால், மீதி பாலையா வாயில்தான் வந்தது. 1956-இல் 'மதுரை வீரன்'. இப்போது எம்.ஜி.ஆர். நாயகன், பாலையா நரசப்பன். இருபது வருஷத்தில் தராசு அப்படியே மாறிவிட்டது.

அந்த நரசப்பனைக் கொஞ்சம் கவனித்துப் பாருங்க. மதுரை வீரன் எங்க பக்கம் சினிமாக் கதை இல்லை, சாமி. ஊருக்கு ஊர் காவல் தெய்வமாக நிற்கிறவன். அப்படிப்பட்டவனுக்கு எதிரியாக நடிப்பது ஒரு சங்கடம். நிஜமாகவே பயமுறுத்தினால் கொட்டகையில் கோபம் வரும், கோமாளித்தனம் பண்ணினால் சாமிக்குச் சமமான எதிரி இல்லாமல் போகும். பாலையா ரெண்டுக்கும் நடுவில் ஒரு வழி கண்டுபிடித்தார். கெட்டவன்தான், ஆனால் தன்னைப் பற்றி ரொம்பப் பெரிசாக நினைத்துக்கொண்டிருக்கிற கெட்டவன். அந்த மிதப்பு உடையும்போது சிரிப்பு வருகிறது. 1954-இலேயே 'தூக்குத்தூக்கி'யில் சேட்டாக வந்து இந்தப் பாணியைக் கொஞ்சம் காட்டியிருந்தார். பின்னால் வந்த மூணு பெரிய வேஷங்களுக்கும் விதை இங்கேதான் என்பது என் எண்ணம். மிதப்பும், அது உடைவதும்.

இப்போ 'திருவிளையாடல்' கோஷ்டிக்கு வருவோம், என் ஓட்டு அங்கேதான் என்பதையும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பரஞ்சோதி முனிவரின் திருவிளையாடற் புராணத்தில் விறகு விற்ற படலம்னு ஒன்று. வடநாட்டிலிருந்து ஏமநாதன் என்ற பாடகன் மதுரைக்கு வருகிறான். பாணபத்திரருக்காகச் சொக்கநாதர் விறகுவெட்டியாக வந்து, அவன் தங்கியிருந்த வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து சாதாரிப் பண்ணில் பாடுகிறார். அடிமைக்கே இப்படி என்றால் குரு எப்படி இருப்பான் என்று பயந்து ஏமநாதன் ராத்திரியோடு ராத்திரியாக ஓடிவிடுகிறான். கதை இவ்வளவுதான். ஏ.பி. நாகராஜன் 1965-இல் இதைப் படமாக எடுத்தபோது ஏமநாதன் ஹேமநாத பாகவதர் ஆனார், பாலையா அந்த வேஷத்தில் உட்கார்ந்தார்.

பாடியது பாலமுரளிகிருஷ்ணா. எங்க ஊர் வழக்கின் முக்கியமான வாதமே இதுதான்: அந்தப் பாட்டின் பெருமையில் பாதி பாலமுரளிக்குப் போகணும், பாலையாவுக்கு எவ்வளவு மார்க்? நான் சொல்வது, பாட்டை மறந்துவிட்டு முகத்தை மட்டும் பாருங்க. வித்வத் மேடையில் நாம் நேரில் பார்த்திருக்கிற அத்தனை சேஷ்டையும் அங்கே இருக்கிறது. சபையை அலட்சியமாக அளக்கிற பார்வை, ஒரு சங்கதி விழுந்ததும் தனக்குத் தானே போட்டுக்கொள்கிற சபாஷ். அந்தக் குரலில் உண்மையான வித்தை இருக்கு, உடம்பில் உண்மையான கர்வம் இருக்கு. ரெண்டில் ஒன்று பொய்யாக இருந்திருந்தால் அந்தப் பாகவதர் வெறும் கார்ட்டூன் ஆகியிருப்பார்.

அப்புறம் திண்ணையிலிருந்து அந்தப் பாட்டு வருகிறது. படத்தில் சாதாரிக்குப் பதிலாக கௌரிமனோகரி ராகம். சிவாஜி பாட, உலகமே நின்று போகிற தந்திரக் காட்சிகளைத்தான் எல்லாரும் ஞாபகம் வைத்திருக்கிறார்கள். ஆனால் தோல்வியை நமக்குச் சொல்வது கேட்டுக்கொண்டிருக்கிற பாலையாவின் முகம். வித்தை தெரிந்தவனுக்குத்தான் தன்னைவிடப் பெரிய வித்தை அடையாளம் தெரியும். அவர் கலங்குவதே அவருடைய ஞானத்துக்குச் சாட்சி. இதை வில்லன்னு எப்படிச் சொல்றது?

இங்கே ஒரு உள்ளூர்ச் சேதி. பாணபத்திரராக நடித்த டி.ஆர். மகாலிங்கம் சோழவந்தான் பக்கம் தென்கரைக்காரர். திண்டுக்கல்லிலிருந்து மதுரைக்கு ரயிலில் போனால் கொடைரோடு தாண்டி வருகிற ஊர். தருமியாக வந்த நாகேஷ் தாராபுரம், அது ஒட்டன்சத்திரத்துக்கு அந்தாண்டை. 'திருவிளையாடல்' எங்க ஆட்களுக்குப் பாதி பக்கத்து வீட்டுப் படம்.

படம் பார்த்ததை விட அதைக் கேட்டதுதான் அதிகம் என்பதையும் சொல்லணும். கோயில் திருவிழா, காதுகுத்து, கல்யாணம் எதுவானாலும் ரேடியோ செட்காரர் புனல் குழாயைத் தென்னை மரத்தில் கட்டிவிட்டு, பக்திப் பாட்டு முடிந்ததும் போடுவது 'திருவிளையாடல்' கதை வசனம். இசைத்தட்டில், பிறகு கேசட்டில். வயலில் களை எடுத்துக்கொண்டே, புகையிலை கட்டிக்கொண்டே கேட்டார்கள். வானொலியில் ஒலிச்சித்திரமும் வந்தது. நாயகனின் அழகும் வாள் வீச்சும் குழாயில் வராது. குரல் மட்டும்தான் வரும். அங்கே பாலையாவும் நாகேஷும் ராஜா. ஒரே வாக்கியத்தை அதட்டலில் ஆரம்பித்துக் குழைவில் முடிக்கிற அந்த வித்தை, நடுவில் விடுகிற அந்த ஒரு மூச்சு, கண்ணை மூடினாலும் ஆள் தெரிகிறார். நட்சத்திர ரசிகர்களை கொட்டகை உண்டாக்கியது என்றால் பாலையா ரசிகர்களில் பெரும்பங்கை இந்தக் குழாய்தான் உண்டாக்கியது என்று நான் நினைக்கிறேன். முதல் பாதி மறந்துபோனதற்கும் இதுவே காரணம். 'அம்பிகாபதி'க்கும் 'மோகினி'க்கும் திருவிழாவில் இடம் கிடைக்கவில்லை.

'காதலிக்க நேரமில்லை' கோஷ்டி இதை ஒத்துக்கொள்ள மாட்டார்கள். நாகேஷ் கதை சொல்ல பாலையா கேட்கிற காட்சியை எடுத்துப் போடுவார்கள். 'ஓஹோ புரொடக்‌ஷன்ஸ்' செல்லப்பா அப்பாவிடம் பேய்க்கதை மாதிரி ஒன்றைச் சத்தங்களோடு அவிழ்த்துவிடுகிறான். பாலையாவுக்கு அங்கே வசனம் ரொம்பக் கம்மி. பயப்படணும், அவ்வளவுதான். அதைக் குழாயில் கேட்டால் நாகேஷ்தான் தெரிவார், பார்த்தால்தான் பாலையா. நியாயமான வாதம், என்னால் முழுசாகப் பதில் சொல்ல முடியாது.

ஆனால் அந்தப் படத்தில் எனக்குப் பிடித்தது வேறு இடம். எஸ்டேட் முதலாளி விஸ்வநாதன், ரவிச்சந்திரனை வேலையிலிருந்து விரட்டுகிறார், ஏழை என்று அதட்டுகிறார். அதே பையன் பெரிய பணக்காரரின் மகன் என்று கேள்விப்பட்ட நிமிஷம் அவருடைய குரல், முதுகு, கை எல்லாம் வளைகிறது. முத்துராமன் கிழவர் வேஷத்தில் அப்பாவாக வந்து நின்றதும் குழைவு இன்னும் ஒரு படி. ஸ்ரீதரும் கோபுவும் எழுதியது நகைச்சுவை. ஆனால் மண்டிகளும் தோல் ஷாப்புகளும் உள்ள ஊரில் வளர்ந்தவர்களுக்கு அந்த வளைவு எங்கிருந்து வந்தது என்று விளக்க வேண்டியதில்லை. வாசலில் யார் வந்து நிற்கிறார் என்பதைப் பொறுத்து 'யாருப்பா அது'வும் 'வாங்க வாங்க'வும் ஒரே வாயிலிருந்து வருவதை எத்தனையோ கல்லாப்பெட்டிக்கு முன்னால் பார்த்திருக்கிறோம். பாலையா அதைக் கேலி செய்யவில்லை. அந்த ஆளுக்கு அது இயல்பு என்று நம்பி நடிக்கிறார்.

'பாமா விஜயம்', 'ஊட்டி வரை உறவு' ரெண்டும் 1967. ரெண்டிலும் அப்பா வேஷம், ரெண்டும் வேற வேற அப்பா. அதைத் தனியாக ஒருநாள் எழுதணும்.

மூணாவது கோஷ்டிதான் எண்ணிக்கையில் சின்னது, ஆனால் பிடிவாதம் ஜாஸ்தி. 'தில்லானா மோகனாம்பாள்' தவில் வித்வான் முத்துராக்கு. நாதஸ்வரம் வாசித்தது மதுரை எம்.பி.என். சேதுராமன், பொன்னுசாமி சகோதரர்கள், திரையில் சிவாஜியும் ஏ.வி.எம். ராஜனும். கதை சண்முகசுந்தரத்துக்கும் மோகனாவுக்கும். முத்துராக்கு பக்கத்தில் இருக்கிற ஆள். குடி உண்டு, வாய்த்துடுக்கு உண்டு, நாயகன் வெடிக்கும்போது தண்ணி ஊற்றுகிற பொறுப்பும் உண்டு. ஹேமநாதரிடம் இருந்த மிதப்பு இவரிடம் சுத்தமாக இல்லை. கல்யாண வீடுகளில் மேளக்காரர்கள் கச்சேரி முடிந்து பின்கட்டில் உட்கார்ந்து பேசுகிற பேச்சைக் கேட்டிருக்கிறவர்கள் முத்துராக்குவை உடனே அடையாளம் கண்டுகொள்வார்கள். பெரிய வித்வானின் கூட நிற்பது என்பது தனியாக ஒரு தொழில். தன் தவில் கேட்கணும், ஆனால் நாதஸ்வரத்தை மூடிவிடக் கூடாது.

அந்தக் கோஷ்டியில் ஒரு பெரியவர் சொல்கிற வாதம் இதுதான்: பாலையா முப்பத்தாறு வருஷமா பண்ணின வேலையே முத்துராக்கு வேலைதானே தம்பி, பாகவதருக்கு, எம்.ஜி.ஆருக்கு, சிவாஜிக்கு, எல்லாருக்கும் பக்கத்துல. இதைக் கேட்டதும் ஹேமநாதர் கட்சியான நான், அப்போ திண்ணைப் பாட்டைக் கேட்டு ஓடினது யாருங்கன்னு கேட்பேன். அவர் டீயை வைத்துவிட்டு, அதுவும் பக்கத்துல இருந்து கேட்டவன்தானேம்பார்.