காரை 'லீன்' ஆக்கினால் பெட்ரோல் மிச்சமாகுமா?

"கலவையைக் கொஞ்சம் லீன் ஆக்கினா போதும், நெடுஞ்சாலையில் பெட்ரோல் மிச்சமாகும்." கார் டியூனிங் பற்றிப் பேசும் இடங்களில் அடிக்கடி கேட்கும் ஆலோசனை இது. அதில் உண்மை இருக்கு. ஆனால் எல்லாக் காருக்கும் அது பொருந்தாது. தவறாகச் செய்தால் மிச்சத்தைவிடச் செலவுதான் அதிகம்.

14.7 என்ன கணக்கு?

1 கிலோகிராம் பெட்ரோல் முழுமையாக எரிய சுமார் 14.7 கிலோகிராம் காற்று தேவை. இதை 14.7:1 என்பார்கள். டியூனிங் செய்பவர்கள் 'லாம்டா 1' என்று சொல்வதும் இதைத்தான்.

- ரிச்: பெட்ரோல் கூடுதலாக உள்ள கலவை. சுமார் 12.5 முதல் 13:1 வரை இருக்கும்போது இஞ்சின் அதிகச் சக்தி தரும்.
- லீன்: காற்று கூடுதலாக உள்ள கலவை. சுமார் 15.5 முதல் 16:1 வரை இருக்கும்போது பெட்ரோல் சிக்கனமாகும்.

மிச்சம் எங்கிருந்து வருகிறது?

சமதரையில் 90 கிலோமீட்டர் வேகத்தில் போகும்போது பெடலை லேசாகத்தான் மிதிக்கிறோம். காற்று நுழையும் த்ராட்டில் பாதிக்கு மேல் மூடியே இருக்கும். அந்தச் சிறிய இடைவெளி வழியாகக் காற்றை இழுக்கவே இஞ்சின் கொஞ்சம் சக்தியை வீணாக்குகிறது.

கலவை லீனாக இருந்தால், அதே வேகத்தில் போக த்ராட்டில் இன்னும் சற்றுத் திறக்க வேண்டும். அதனால் காற்றை இழுக்கும் சிரமம் குறையும். ஆனால் லீன் கலவை மெதுவாக எரியும். அதற்கேற்ப ஸ்பார்க்கையும் சற்று முன்னதாகக் கொடுக்கணும். எல்லாம் சரியாக அமைந்தாலும் கிடைப்பது சில விழுக்காடு மிச்சம்தான்.

இஞ்சின் உருகிவிடுமா?

லேசான சுமையில் அந்தப் பயம் தேவையில்லை. 14.7ஐத் தாண்டி லீன் ஆகும்போது புகையின் வெப்பம் குறையவே செய்யும்.

ஆபத்து சுமை கூடும்போதுதான். ஈப்போ அருகே மெனோரா சுரங்கப்பாதை நோக்கி ஏறும் மேட்டில் பெடலை அழுத்துகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். அப்போதும் கலவை லீனாகவே இருந்தால் 'நாக்கிங்' வரலாம். அது தொடர்ந்தால் பிஸ்டன் சேதமடையும். அதனால் லீன் கலவை சீரான ஓட்டத்துக்கு மட்டும்தான். சுமை ஏறியதும் கலவை ரிச் ஆகணும்.

அப்படியென்றால் கார் நிறுவனங்கள் ஏன் செய்வதில்லை?

காரணம், புகையைச் சுத்தம் செய்யும் கேட்டலிட்டிக் கன்வர்ட்டர். கலவை 14.7ஐ ஒட்டி இருந்தால்தான் அது முழுமையாக வேலை செய்யும். கலவை சற்று லீன் ஆனாலே நைட்ரஜன் ஆக்சைடு அதிகம் உருவாகும். அதைக் கன்வர்ட்டரால் நீக்கவும் முடியாது.

ஹோண்டா 1990களின் தொடக்கத்தில் 'விடெக்-இ' இஞ்சினை லீனாக ஓடும்படி வடிவமைத்தது. அமெரிக்காவில் அதை சிவிக் விஎக்ஸ் காரில் விற்றது. ஆனால் மாசு விதிகள் கடுமையாக இருந்த கலிபோர்னியாவுக்கு அனுப்பிய கார்களில் லீன் ஓட்டம் இல்லை. அங்கு அதே கார் கொடுத்த மைலேஜும் குறைவு.

உங்கள் கார் எந்த வகை?

- இன்றைய சாதாரண கார்: கலவையை இசியு கணினி பார்த்துக்கொள்கிறது. சீராக ஓடும்போது ஆக்சிஜன் சென்சர் சொல்வதைக் கேட்டு அது கலவையை 14.7க்கே திருப்பும். எரிபொருள் அட்டவணையில் எண்களை மட்டும் குறைத்தால் இசியு அதையும் சரிசெய்துவிடும். கொடுத்த காசு வீண்.
- தனி இசியு பொருத்திய கார்: வைட்பேண்ட் சென்சர் இல்லாமல் தொட வேண்டாம். சாதாரண சென்சரால் கலவை லீனா, ரிச்சா என்று மட்டுமே நம்பகமாகச் சொல்ல முடியும். எவ்வளவு என்று சொல்லாது.
- கார்புரேட்டர் உள்ள பழைய கார், எடுத்துக்காட்டாக 1985இல் வந்த புரோட்டோன் சாகா: ஜெட் அளவை மாற்றித்தான் கலவையை மாற்ற முடியும். அனுபவமுள்ள மெக்கானிக்கிடம் விடுவது நல்லது.

ஒரே வேகத்தில் போகும்போது கார் தயங்கித் தயங்கி இழுத்தால் கலவை அளவுக்கு மீறி லீன் ஆகியிருக்கலாம். சில சமயம் கலவை எரியாமலேயே வெளியேறும். அந்தப் பெட்ரோல் கன்வர்ட்டருக்குள் எரிந்து அதைக் கெடுத்துவிடும்.

வேறு என்ன செய்யலாம்?

- ஓபிடி கருவியில் 'ஃபியூல் ட்ரிம்' எண்ணைப் பாருங்கள். அது 10 விழுக்காட்டுக்கு மேல் கூடியோ குறைந்தோ நின்றால் காற்றுக் கசிவோ, அழுக்கான சென்சரோ காரணமாக இருக்கலாம். டியூனிங் பற்றி யோசிக்கும் முன் அதைச் சரிசெய்யுங்கள்.
- டயரில் காற்றைச் சரிபாருங்கள்.
- முன்னால் சிவப்பு விளக்கு தெரிந்தால் கியரை எடுக்காமல் பெடலை மட்டும் விடுங்கள். பல கார்களில் அந்த நேரம் பெட்ரோல் முழுமையாக நின்றுவிடும்.
- வேகத்தைக் குறையுங்கள். 90 கிலோமீட்டரில் போவதைவிட 110இல் காற்றின் எதிர்ப்பு ஏறக்குறைய ஒன்றரை மடங்கு.

லீன் கலவை தரும் சில விழுக்காட்டைவிடப் பெரிய மிச்சம் அந்த 20 கிலோமீட்டரில் இருக்கு. அதற்கு டியூனிங் செலவும் இல்லை.