பெரிக்கு முன்னால் ஒரு பெயர்



முதுமாணி படித்த காலத்தில் ஒரு ஆய்வுக் கட்டுரையில் ‘பஞ்சரத்தினம்–பெரி கட்டம்’ என்று வாசித்தேன். வகுப்பில் எல்லோரும் ‘பெரி கட்டம்’ என்றுதான் சொன்னோம். ஆனால் அந்த முதற்பெயர், சட்டனில் எங்கள் வீட்டுக்கு வரும் கல்யாணக் கார்டில் இருக்கக்கூடிய பெயர். யார் இவர் என்று அன்றிரவே தேடினேன்.

எஸ். பஞ்சரத்தினம் 1934இல் பிறந்தவர். சி. வி. ராமனின் சகோதரி மகன். பெங்களூரில் ராமன் ஆய்வு நிலையத்தில் படிகங்களுக்குள் ஒளி போகும் விதத்தை ஆராய்ந்தார். 1956இல், 22 வயதில், ஒன்றைக் கண்டார். ஒளி அதிரும் விதத்தைப் படிப்படியாக மாற்றி, தொடங்கிய நிலைக்கே கொண்டுவந்தாலும் அலையின் முகடு சற்று நகர்ந்திருக்கும். எந்த வழியாகச் சுற்றி வந்தது என்பதே அந்த நகர்வைத் தீர்மானிக்கும்.

கட்டுரை இந்திய சஞ்சிகை ஒன்றில் வந்தது. வெளியே அதிகம் பேர் கவனிக்கவில்லை. பிறகு ஆக்ஸ்போர்டுக்கு வந்தவர், 1969இல் அங்கேயே காலமானார். வயது 35.

1984இல் பிரிஸ்டலில் மைக்கேல் பெரி, குவாண்டம் இயற்பியலில் இதே கருத்தைத் தனியாகக் கண்டார். 1986இல் ராமசேஷனும் ராஜாராம் நித்தியானந்தாவும் பழைய கட்டுரையைச் சுட்டிக்காட்டினார்கள். அடுத்த வருடமே பெரி, பஞ்சரத்தினத்தின் பங்கை விளக்கித் தானே ஒரு கட்டுரை எழுதினார். அது பெரிய மனசு.

இதனால் இன்று என்ன பயன்? மைக்ரோவேவுக்கும் அகச்சிவப்புக்கும் நடுவில் டெராஹெர்ட்ஸ் அலைகள் இருக்கின்றன. துணி, காகிதம் இவற்றை ஊடுருவும். ஆனால் வளைத்துத் திருப்புவது கடினம். அதற்காக, அலைநீளத்தைவிடச் சிறிய உலோகத் துண்டுகளை ஒரு தட்டில் வரிசையாகப் பதிக்கிறார்கள். ஒரு துண்டை 10 பாகை திருப்பி வைத்தால், திருகுபோல் சுழலும் அலையின் கட்டம் 20 பாகை நகரும். இடக்கைச் சுழற்சிக்கு ஒரு பக்கம், வலக்கைச் சுழற்சிக்கு மறுபக்கம். கிராஃபீன் படலத்தைச் சேர்த்து மின்னழுத்தத்தை மாற்றினால், தட்டின் வேலையையே மாற்றலாம். துண்டுகளைத் திருப்பும் அந்தக் கணக்கு பஞ்சரத்தினம் கண்டதுதான்.

வரும் வருடம் எனக்கும் 35. வேலையிடத்தில் என் பெயரை இரண்டெழுத்தாகச் சுருக்கினார்கள். நானும் பேசாமல் இருந்தேன். இப்போது மின்னஞ்சலின் கீழே முழுப்பெயரையும் போடுகிறேன்.

உங்கள் பாடத்தில் இந்தக் கட்டம் வந்தால், இரண்டு பெயரையும் எழுதுங்கள்.