எழுத்துக் கூட்டிப் படிக்கிறவள்

1822 ஜூன் மாதம் மதராஸ் கவர்னர் தாமஸ் மன்றோ தன் கலெக்டர்களிடம் ஒரு கணக்குக் கேட்டார். உங்கள் ஜில்லாவில் பள்ளிக்கூடம் எத்தனை, பிள்ளைகள் எத்தனை, என்ன சாதி, ஆண் எவ்வளவு, பெண் எவ்வளவு? செஞ்சி அப்போது தென்னார்க்காடு ஜில்லாவுக்குள் இருந்தது. அங்கிருந்து போன கணக்கில் 875 பள்ளிக்கூடங்கள். படித்த ஆண்பிள்ளைகள் 10,419. பெண்பிள்ளைகள் 104.

எட்டுப் பள்ளிக்கூடத்துக்கு ஒரு பெண்கூடச் சரியாக வராது.

இந்தக் கணக்குகளை எல்லாம் தொகுத்து 1983இல் தரம்பால் ‘தி பியூட்டிஃபுல் ட்ரீ’ என்ற புத்தகமாகக் கொண்டுவந்தார். வெள்ளைக்காரன் வருவதற்கு முன்பே நம்மிடம் ஊருக்கு ஊர் பள்ளிக்கூடம் இருந்தது, சூத்திரப் பிள்ளைகள்தான் அதிகம் படித்தார்கள் என்று சொல்ல இந்தப் புத்தகத்தைக் கையில் எடுப்பவர்கள் நிறைய. சாதிப் பத்தியைக் காட்டுகிறார்கள், பெண் பத்தியைக் காட்டுவதில்லை. தென்னார்க்காட்டின் 104 பேரில் 94 பேர் ‘சூத்திரர்’ என்ற கட்டத்திலும் 10 பேர் ‘பிற சாதியார்’ என்ற கட்டத்திலும் இருக்கிறார்கள். பிராமணர், வைசியர், முஸ்லிம் என்ற மூன்று கட்டங்களிலும் பெண்கள் இடத்தில் ஒரு கோடுதான். ஆனால் மலபாரில் அதே காலத்தில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட முஸ்லிம் பெண்பிள்ளைகள் பள்ளிக்கூடத்தில் இருந்தார்கள். ஆகவே இதை மதத்தின் தலையில் கட்டிவிட முடியாது.

பள்ளிக்கு வரும் பெண்கள் பெரும்பாலும் கோயில் தாசிகள், ஆடல் பெண்கள் என்று பல கலெக்டர்கள் குறிப்பு எழுதினார்கள். பாட்டும் பதமும் அவர்களுக்குப் பிழைப்பு. பிழைப்புக்கு எழுத்து வேண்டும், அதனால் கற்றார்கள். இதிலிருந்து ஊர் வேறொரு முடிவுக்கு வந்தது. படிக்கிறவள் தாசி, குடும்பப் பெண் படிக்கமாட்டாள். ‘படிச்சா கெட்டுப்போயிடுவா’ என்று என் பாட்டி தலைமுறை வரைக்கும் சொல்லப்பட்ட வாக்கியத்தின் வேர் இங்கேதான் இருக்கிறது என்பது என் எண்ணம்.

எப்போதுமே இப்படித்தான் இருந்ததா என்றால் இல்லை. செஞ்சிக்கோட்டையைப் பார்க்க வருகிறவர்கள் அதை ஒட்டிய திருநாதர்குன்றுக்குப் போவது குறைவு. அங்கே ஒரே பாறையில் இருபத்து நான்கு தீர்த்தங்கரர்கள் வரிசையாக உட்கார்ந்திருக்கிறார்கள். ஐம்பத்தேழு நாள் உண்ணாநோன்பிருந்து உயிர்விட்ட சந்திரநந்தி ஆசிரியருக்கு வெட்டிய கல்வெட்டும் அங்கே உண்டு. பழந்தமிழி எழுத்து வட்டெழுத்தாக வளைந்துகொண்டிருந்த காலத்தின் கை அது. இந்த வட்டாரத்தில் எழுத்தும் சமணமும் ஒன்றாக நடந்தன. இதே சிங்கபுரநாட்டைச் சேர்ந்த விடால் (இன்றைய வேடல், வந்தவாசிப் பக்கம்) குன்றில் ஆதித்த சோழன் காலத்துக் கல்வெட்டு ஒன்று ஒன்பதாம் நூற்றாண்டிலிருந்து பேசுகிறது. கனகவீரக் குரத்தி என்ற பெண் ஆசிரியருக்கு ஐந்நூறு பிள்ளைகள். அவர்களுக்கும் நானூறு பெண் துறவியருக்கும் ஒத்துவரவில்லை. குரத்தியின் பிள்ளைகளுக்குச் சோறிட்டுக் காப்போம் என்று ஊரார் பொறுப்பேற்றார்கள். ‘குரு’வுக்குப் பெண்பாலாகக் ‘குரத்தி’ என்ற சொல்லைத் தமிழ் தயக்கமில்லாமல் வைத்திருந்தது என்பதை என் மாணவிகளிடம் நான் ஒவ்வொரு வருஷமும் சொல்கிறேன். ஐந்நூறு என்ற எண்ணையும் 104 என்ற எண்ணையும் பக்கத்தில் பக்கத்தில் கரும்பலகையில் எழுதிப் போடுவேன். நடுவில் ஏறக்குறைய ஆயிரம் வருஷம். வரலாறு படிப்படியாக மேலே ஏறும் என்று நம்புகிறவர்களுக்கு இந்த இரண்டு எண்களும் தொந்தரவு தரும்.

இனி வாசிப்பு என்பதற்குள்ளே போவோம். எழுத்துக் கூட்டிப் படிப்பது என்று தமிழில் அழகாகச் சொல்கிறோம். ‘ப’வும் ‘டி’யும் சேர்ந்தால் ‘படி’. இதைத் திண்ணைப் பள்ளிக்கூடம் எப்படிச் சொல்லிக்கொடுத்தது? மணலைப் பரப்பி, விரலால் எழுதி, எழுதும்போதே வாய்விட்டுக் கத்த வேண்டும். ஒருவன் சொல்ல எல்லோரும் திருப்பிச் சொல்ல வேண்டும். மூத்த பையன் சட்டாம்பிள்ளையாக இருந்து சின்னவர்களை மேய்ப்பான். அரிச்சுவடி, எண்சுவடி, ஆத்திசூடி, கொன்றைவேந்தன் எல்லாம் முதலில் வாயில் ஏறும், பிறகுதான் கண்ணில். ஔவை என்ற பெண்ணின் பெயரில் வழங்கும் வரிகளைப் பையன்கள் மட்டும் உட்கார்ந்து கத்திக்கொண்டிருந்தார்கள்!

மனப்பாடம் முதலில், வாசிப்பு பிறகு என்ற இந்த வரிசையை வெறும் மூடத்தனம் என்று ஒதுக்குவது எளிது. ஓலையைப் பார்த்தவர்களுக்குக் காரணம் தெரியும். ஓலைச்சுவடியில் சொல்லுக்கும் சொல்லுக்கும் இடைவெளி கிடையாது. புள்ளி வைத்தால் எழுத்தாணி ஓலையைக் கிழிக்கும் என்பதால் மெய்யெழுத்துக்குப் புள்ளி இல்லை. ‘எ’வும் ‘ஏ’வும், ‘ஒ’வும் ‘ஓ’வும் பார்வைக்கு ஒன்றே. ‘ர’வும் துணைக்காலும் ஒன்றே. அப்படி எழுதியதை எழுத்துக் கூட்டி மட்டும் படித்துவிட முடியாது. என்ன எழுதியிருக்கும் என்பது முன்பே காதில் இருந்தால்தான் கண் அதைப் பிடிக்கும். பாட்டு தெரிந்தவன்தான் சுவடி படிப்பான்.

அப்படியென்றால் காதுக்கு வழி மறிக்கப்பட்டவள் சுவடியைக் கையில் வைத்துக்கொண்டு என்ன செய்வாள்? தமிழ்ப் பெண்களுக்கு எழுத்து மறுக்கப்பட்ட கதையில் நாம் சாதியைப் பேசுகிறோம், குழந்தை மணத்தைப் பேசுகிறோம், புள்ளியில்லாத எழுத்தைப் பேசுவதில்லை. வீட்டுக்குள்ளிருந்து திண்ணைச் சத்தத்தைக் கேட்டே ஆத்திசூடியைப் பாடம் செய்த பெண்பிள்ளைகள் இருந்திருப்பார்கள் என்பது என் ஊகம். அவர்களுக்கு வரிகள் கிடைத்தன, மணல் கிடைக்கவில்லை.

வீரமாமுனிவர் பதினெட்டாம் நூற்றாண்டில் குறில் நெடிலைப் பிரித்துக் காட்டும் குறிகளை வகுத்தார். அச்சுக்கூடம் புள்ளியையும் சொல்லிடைவெளியையும் நிலைக்க வைத்தது. 1935இல் பெரியார் ‘குடி அரசு’ ஏட்டில் தொடங்கிய எழுத்துச் சீர்திருத்தத்தை 1978இல் எம்.ஜி.ஆர். அரசு ஆணையாக்கியது. துதிக்கை போட்ட பழைய ‘லை’, ‘னை’யும் சுழித்து எழுதிய ‘ணா’, ‘றா’, ‘னா’வும் உட்பட 13 எழுத்துகள் மற்ற எழுத்துகளின் வழிக்கு வந்தன. தமிழின் அழகு போயிற்று என்று அப்போது புலவர்கள் வருந்தினார்கள். அழகு பற்றி எனக்கும் அக்கறை உண்டு, கவிதை எழுதுகிறவள்தான். ஆனால் விதிவிலக்கு ஒவ்வொன்றும் ஒரு வாசல்காப்பாளன். தனியாக, ஆசிரியர் துணையில்லாமல், அடுப்படியில் பொட்டலக் காகிதத்தைப் பிரித்துப் படிக்க முயல்கிறவளுக்கு ஒரு விதிவிலக்கு குறைவது பெரிய விஷயம்.

மணல் திண்ணையிலிருந்து கடல் தாண்டிய கதையையும் இங்கே சொல்லிவிட வேண்டும். 1789இல் சென்னை எழும்பூரில் சிப்பாய்களின் பிள்ளைகளுக்கான ஆண் அனாதைகள் விடுதிக்குப் பொறுப்பேற்ற ஆண்ட்ரூ பெல் என்ற பாதிரியார், தமிழ்ப் பிள்ளைகள் மணலில் எழுதுவதைப் பார்த்து அதைத் தன் பள்ளியில் கொண்டுவந்தார். எட்டு வயதுப் பையன் ஒருவனையே மற்றவர்களுக்கு வாத்தியாராக்கினார். 1797இல் லண்டனில் இதைப் பற்றி நூல் வெளியிட்டார். இங்கிலாந்தின் ஏழைப் பிள்ளைகள் பல்லாயிரம் பேர் இந்த ‘மதராஸ் முறை’யில் படித்தார்கள். பெருமையாகச் சொல்லப்படும் இந்தக் கதையில் விடுபடுவது ஒன்று: அந்த விடுதிப் பிள்ளைகள் எல்லோரும் அனாதைகள் அல்லர். பலருக்கு இந்தியத் தாய்மார் உயிரோடு இருந்தார்கள். அந்தத் தாய்மாரிடமிருந்து பிரித்து வளர்ப்பதே விடுதியின் நோக்கங்களில் ஒன்று. தமிழ் மணல் வேண்டியிருந்தது, தமிழ்த்தாய் வேண்டாம்.

பள்ளிக்கூடக் கணக்கில் வராத வாசிப்பும் உண்டு. தமிழ் முஸ்லிம் வீடுகளில் பெண்பிள்ளைகள் குர்ஆன் ஓதக் கற்றார்கள். பொருள் தெரியாமல் எழுத்தை மட்டும் ஒலிக்கக் கற்பது என்று இதைக் குறைத்துப் பேசுவார்கள். ஆனால் அந்த எழுத்தறிவு சும்மா கிடக்கவில்லை. அரபு எழுத்தில் தமிழை எழுதும் அரபுத்தமிழ் நூல்களை அதே பெண்கள் படித்தார்கள். ஒலிக்கத் தெரிந்துவிட்டது, மொழி தன்னுடையது, இரண்டும் சேர்ந்த இடத்தில் வாசிப்பு பிறந்துவிட்டது. மன்றோவின் பட்டியலில் இவர்களுக்குக் கோடு போட்டிருக்கிறது.

இன்னொரு வாசிப்பு, ‘பெரிய எழுத்து’ப் புத்தகங்கள். செஞ்சி என்றாலே தேசிங்கு ராஜன் கதைதான். 1714இல் ஆற்காட்டு நவாபோடு மோதி இறந்த இளைஞனின் கதை ஊர் ஊராகப் பாடப்பட்டு, பிறகு சந்தையில் விற்கும் மலிவுப் புத்தகமாயிற்று. அட்டையிலேயே ‘பெரிய எழுத்து’ என்று போட்டிருக்கும். நல்லதங்காள், அல்லி அரசாணி எல்லாம் இப்படித்தான் வந்தன. பேராசிரியர்கள் நெடுநாள் இவற்றை இலக்கியம் என்று ஒப்பவில்லை. எனக்கு அந்த அட்டைச் சொல் முக்கியம். தட்டுத்தடுமாறிப் படிக்கிறவருக்காக, எண்ணெய் விளக்கில் படிக்கிறவருக்காக எழுத்தைப் பெரிதாக்கினோம் என்று வெட்கமில்லாமல் சொன்ன ஒரே பதிப்புலகம் அது. ஒருத்தி உரக்கப் படிப்பாள், மற்றவர்கள் மல்லாட்டை உரித்துக்கொண்டு கேட்பார்கள். கதை ஏற்கெனவே தெரியும். அதனால் எழுத்துக் கூட்டுகிறவள் சொல்லின் பாதியில் தடுக்கினால் கேட்கிறவள் மீதியை எடுத்துக்கொடுப்பாள். அதே புத்தகம் மறுபடி மறுபடி படிக்கப்படும். ஒவ்வொரு எழுத்திலும் கவனம் செலவாகிறவளுக்கு வாக்கியத்தின் கடைசிக்கு வரும்போது முதல் சொல் நழுவியிருக்கும். திரும்பத் திரும்பப் படித்துக் கண் பழகிய பிறகுதான் மனசுக்குப் பொருளைப் பார்க்க நேரம் கிடைக்கும். சரளம் என்பது அதுதான். இன்று ஆசிரியர் பயிற்சிகளில் உரக்கப் படித்தல், இணைந்து படித்தல், மறுவாசிப்பு என்று சொல்லித்தருவதை அந்தப் பெண்கள் மல்லாட்டை உரிக்கிற நேரத்தில் செய்துகொண்டிருந்தார்கள்.

தேசிங்கின் மனைவி உடன்கட்டை ஏறினாள், அவள் நினைவாகத்தான் ராணிப்பேட்டை என்பார்கள். அவளுடைய சாவை உரக்கப் படித்துத்தான் இந்தப் பெண்கள் எழுத்தில் சரளம் பெற்றார்கள் என்பதும் உண்டு.

தொண்ணூறுகளின் அறிவொளி இயக்கம் அரிச்சுவடி வரிசையை விட்டு, வாழ்க்கையிலிருந்து சொல்லை எடுத்து, சொல்லிலிருந்து எழுத்தைப் பிரித்தது. பிரேசிலில் 1963இல் பாவ்லோ ஃப்ரேய்ரே அங்கிகோஸ் என்ற ஊரில் ‘செங்கல்’ போன்ற உழைப்பாளிகளின் சொற்களை வைத்துச் செய்த வேலைக்கு இது உறவு. புதுக்கோட்டையில் ஷீலா ராணி சுங்கத் கலெக்டராக இருந்தபோது பெண்கள் எழுத்தோடு சைக்கிளும் கற்றது எல்லோருக்கும் தெரிந்த கதை. அதன் பிறகு 2003இல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் தொடங்கிய செயல்வழிக் கற்றல், அட்டைகள், பாய், தரைக்குத் தாழ்ந்த கரும்பலகை. 2022இல் ‘எண்ணும் எழுத்தும்’, அதன் அரும்பு, மொட்டு, மலர். நான் இவற்றுக்குள் விரிவாகப் போகவில்லை, திட்டத்தின் பெயர் மாறும்போதெல்லாம் அதே ஆசிரியைதான் பதிவேட்டை நிரப்புகிறாள் என்பதை மட்டும் சொல்லிவிட்டு நகர்கிறேன்.

2021 அக்டோபர் 27ஆம் தேதி எங்கள் விழுப்புரம் மாவட்டத்து முதலியார்குப்பத்தில், மரக்காணம் பக்கம், ‘இல்லம் தேடிக் கல்வி’ தொடங்கப்பட்டது. கொரோனாவில் பள்ளி மூடிக்கிடந்த காலம் பிள்ளைகளின் வாயிலிருந்து எழுத்தை எடுத்துப் போயிருந்தது. 2022இல் எடுத்த ‘அசர்’ ஆய்வில், தமிழகக் கிராமங்களில் மூன்றாம் வகுப்புப் பிள்ளைகளில் இரண்டாம் வகுப்புப் பாடத்தைப் படிக்க முடிந்தவர்கள் 4.8 சதவீதம். 2018இலேயே அது 10.2தான். இந்தப் பள்ளத்தை நிரப்ப வந்த தன்னார்வலர்களில் மிகப் பெரும்பாலோர் பெண்கள். பன்னிரண்டாம் வகுப்போ பட்டமோ முடித்து, திருமணமாகி ஊரிலேயே தங்கிவிட்டவர்கள். ஊக்கத்தொகை மாதம் 1,000 ரூபாய். அவர்கள் உட்கார்ந்து பாடம் சொன்ன இடம் பல ஊர்களில் வீட்டுத் திண்ணை. 1822இல் யாருக்கு அந்தத் திண்ணையில் இடமில்லையோ அவள் இப்போது அங்கே வாத்தியார், மாதம் ஆயிரம் ரூபாய்க்கு. அன்றைய வாத்தியாருக்கு நெல்லாகவும் பணமாகவும் ஊர் கொடுத்தது பிழைப்பு. இவளுக்குக் கொடுப்பதன் பெயர் ஊக்கம். தாய்மையின் நீட்சி என்று வைத்துவிட்டால் கூலி கேட்கமாட்டாள்.

செஞ்சி வட்டாரத்தில் அப்படிப் பாடம் சொன்ன என் பழைய மாணவி ஒருத்தி என்னிடம் கேட்ட சந்தேகத்தை இங்கே எழுத வேண்டும். ‘வீடு’ என்று அச்சிட்டிருக்கிறது. பிள்ளை ‘வூடு’ என்று படிக்கிறது. ‘இருக்கிறது’ என்றிருப்பதைக் ‘கீது’ என்கிறது. தவறு போடுவதா, அம்மா?

போடாதே என்றேன். ‘வ’வையும் ‘டு’வையும் கண்டுபிடித்து, சொல்லைப் பிடித்து, தன் வீட்டு வாயால் சொல்கிறது. எழுத்துக் கூட்டல் நடந்துவிட்டது, பொருளும் வந்துவிட்டது. அந்த இடத்தில் திருத்தினால் பிள்ளை புரிந்துகொள்வது, எழுத்துக்கும் தன் வீட்டுக்கும் சம்பந்தமில்லை என்பதைத்தான். காலனிப் பிள்ளையின் வாயைத் திருத்துவதையே தமிழ்ப்பாடம் என்று நினைக்கிற வழக்கம் நம் வகுப்பறைகளில் இன்னும் போகவில்லை. எழுத்தைக் காட்டி, “புத்தகத்துல இப்படி எழுதுவாங்க, நாம இப்படிப் பேசுவோம்” என்று இரண்டையும் வைத்தால் போதும்.

அடுத்தது வேறு மாதிரி. கடலைப் படம் போட்டு ‘நிலக்கடலை’ என்று எழுதியிருக்கிறது. பிள்ளைகள் ஒரே குரலில் ‘மல்லாட்டை’ என்கிறார்கள். இது வாசிப்பே அல்ல. படத்தைப் பார்த்துச் சொன்னது, எழுத்து பக்கம் கண் போகவில்லை. இரண்டும் பார்க்க ஒரே தவறு மாதிரி இருக்கும், இரண்டுக்கும் மருந்து வேறு. முன்னதைத் தட்டிக்கொடுக்க வேண்டும், பின்னதில் படத்தைக் கையால் மறைத்துவிட்டு விரலை எழுத்தின்மேல் வைக்கச் சொல்ல வேண்டும்.

அவள் அதற்கு மேலும் ஒன்று செய்தாள். ‘மல்லாட்டை’ என்பதையே பலகையில் எழுதினாள். புத்தகத்தில் இல்லாத சொல், ஊரில் எல்லா வீட்டிலும் மூட்டை மூட்டையாகக் கிடக்கிற சொல். ம, ல், லா, ட், டை என்று பிரித்தாள். கடைசி எழுத்தின்கீழ் கோடு போட்டாள். ‘ட்டை’யில் முடிகிற வேறு சொல் யாருக்குத் தெரியும் என்றாள். சட்டை, முட்டை, கட்டை, குட்டை, மூட்டை என்று பலகை நிறைந்தது. எழுத்தே தெரியாது என்று கடைசியில் உட்கார்ந்திருந்த பெண்பிள்ளை ஒன்று எழுந்து வந்து ஒவ்வொரு சொல்லிலும் ‘டை’யைத் தொட்டுத் தொட்டுக் காட்டியது. மறுநாள் ‘மூ’வைச் சொல்லிக்கொடுத்ததாகச் சொன்னாள்.