ரொறன்ரோவின் பெயரில் ஒரு வைரஸ்

வகுப்பில் யாரோ ஒருவர் சத்தி எடுக்கிறார். இரண்டு நாளில் பாதிப் பேரைக் காணவில்லை. பிறகு வீட்டில் தம்பிக்கு வயிற்றோட்டம், அதற்கடுத்த நாள் அம்மம்மாவுக்கு. நாங்கள் இதை 'ஸ்டமக் ஃப்ளூ' என்போம். ஃப்ளூவுக்கும் இதற்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. பெரும்பாலும் இது நோரோவைரஸ். அதில் ஒரு வகைக்கு எங்கள் நகரத்தின் பெயரையே வைத்தார்கள்: ரொறன்ரோ வைரஸ்.

1970களின் தொடக்கம் வரை, வயிற்றோட்டத்தோடு ஆசுபத்திரிக்கு வந்த பிள்ளைகளில் அநேகருக்கு என்ன கிருமி என்றே தெரியாது. மலத்தைச் சோதித்தால் பக்ரீரியா எதுவும் வளராது. நன்றாக இருந்த குழந்தை உடம்பில் நீர் வற்றிக் கண் குழிந்துபோய்க் கிடக்கும். வைரஸாக இருக்கலாம் என்று சந்தேகப்பட்டார்கள். ஆனால் அதைக் கண்ணால் பார்க்கவேண்டுமே!

பார்ப்பதற்கான கருவி இந்த நகரத்துக்குப் புதிதல்ல. 1938 இலேயே ரொறன்ரோ பல்கலைக்கழகத்தில் ஜேம்ஸ் ஹிலியர், அல்பேர்ட் பிரீபஸ் என்ற இரண்டு மாணவர்கள் ஓர் இலத்திரன் நுண்ணோக்கியைச் செய்தார்கள். 7,000 மடங்கு பெருப்பித்துக் காட்டியது. இரண்டு பேருக்கும் அப்போது முப்பது வயதுகூட இல்லை.

1973 இல் மெல்பேர்ணில் ரூத் பிஷப் குழுவினர் குழந்தைகளின் குடலில் ஒரு வைரஸைக் கண்டார்கள். அடுத்த வருடமே இங்கே சிக் கிட்ஸ் ஆசுபத்திரியில் பீற்றர் மிடில்ரன், மரியா ஷிமான்ஸ்கி குழுவினரும் அதைப் பற்றி எழுதினார்கள். அவர்கள் வைத்த பெயர் ஓர்பிவைரஸ். நிலைத்தது 'ரோட்டா' என்ற பெயர்தான், லத்தீனில் சக்கரம். வடிவமும் அப்படித்தான்.

அந்தப் படங்களில் இன்னொன்றும் இருந்தது. ஏறக்குறைய 30 நனோமீற்றர், ரோட்டாவின் பாதி அளவுகூட இல்லை. 1977 இல் அதற்கு 'மினி ரியோவைரஸ்' என்று பெயரிட்டார்கள். புளூ ஜேய்ஸ் தன் முதல் ஆட்டத்தைப் பனிக்குள் ஆடிய அதே வருடம். ஆனால் இது ரியோவைரஸ் குடும்பமே இல்லை! மங்கலான உருவத்தை மட்டும் பார்த்து இனம் சொன்னால் பிழைக்கத்தான் செய்யும். ஆய்வுகூடத்தில் வளர்த்துப் பார்க்கவும் முடியவில்லை. மரபணுவை வாசிக்கும் வசதி வந்த பிறகு, 1994 இல், இது 1968 இல் ஒஹாயோவின் நோர்வோக் ஊர்ப் பள்ளிக்கூடத்தைப் படுக்கவைத்த வைரஸின் சொந்தக்காரன் என்று தெரிந்தது. 17 வருடம் அது பிழையான பெயரோடு இருந்தது.

இதே காலத்தில் வேலூரிலும் ஒரு தேடல் நடந்தது. 1960களின் தொடக்கத்தில் வட ஆற்காட்டுக் கிராமங்களில், அதுவரை சுகமாக இருந்த பெரியவர்களுக்கு வயிற்றோட்டம் வந்து மாதக்கணக்கில் நிற்காமல் போனது. உடல் மெலிந்து பலர் இறந்தார்கள். சி.எம்.சி. மருத்துவர்கள் செல்வின் பேக்கர், வி. ஐ. மாத்தன் ஆகியோர் கிராமங்களுக்கே போய் ஆராய்ந்தார்கள். 1975 இல் வேலூர்க் குழுவினர் மலத்தில் வைரஸ் போன்ற துணிக்கைகளைக் கண்டார்கள். ஆனால் சுகமாக இருந்தவர்களிடமும் அவை இருந்தன. அதனால் குற்றவாளி இதுதான் என்று சொல்லமுடியவில்லை. ரொறன்ரோக் கதையைவிட எனக்கு இதுதான் பெரிதாகப் படுகிறது. அங்கே இழப்பு மிக அதிகம், விடையோ இன்னும் இல்லை.

ரோட்டாவுக்கு இப்போது தடுப்பு மருந்து இருக்கிறது. ஒன்ராறியோவில் 2011 முதல் குழந்தைகளுக்கு இலவசம், வாயில் விடுவது. நோரோவுக்கு இன்னும் இல்லை. ஹாண்ட் சானிற்றைசருக்கும் அது இலேசில் மசியாது, சவர்க்காரமும் தண்ணீரும்தான் வேண்டும். சுகமான பிறகும் இரண்டு கிழமை வரை மலத்தில் வெளியேறும். ஆகவே, தம்பி எழும்பி ஓடித் திரிகிறான் என்று உடனே அவன் கையால் சோறு பரிமாற விடாதீர்கள்.

2002 இல் உத்தியோகபூர்வப் பெயர் நோர்வோக் ஊரிலிருந்தே எடுக்கப்பட்டது. எங்கள் ஊர்ப் பெயர் ஆய்வுகூடப் பட்டியல்களில் 'ரீவி 24' என்ற குறியீட்டுக்குள் ஒளிந்திருக்கிறது.