காலின் வரலாறு

நம் இசை வரலாறுகள் தொண்டையைப் பேசும், விரலைப் பேசும், காலைப் பேசாது. ஸ்பெஷல் நாடக மேடையில் பின்பாட்டுக்காரர் ஆர்மோனியத் துருத்தியைக் காலால்தான் மிதிப்பார். இரண்டு கையும் கட்டைகளுக்கு. நான் இருக்கும் புதுவாயல் வழியே போகிற நெடுஞ்சாலையின் மறுகோடி கல்கத்தா. அங்கே 1875இல் துவாரகாநாத் கோஷ் கைப்பெட்டியை உருவாக்கினார். தரையில் உட்கார்ந்து வாசிக்கலாம். ஆனால் காற்றுக்கே ஒரு கை போய்விடும். நாடகக்காரர்கள் கால்பெட்டியை விடவில்லை. 1940இல் அகில இந்திய வானொலி ஆர்மோனியத்தையே தடை செய்தது. கமகம் பேசாத அந்நியப் பெட்டியாம்! 1971இல்தான் தடை தளர்ந்தது. மேடை அதுவரை காத்திருக்கவில்லை.

1983இல் மிடி வந்தது. இன்று கிட்டார்க்காரர் கணினியில் ஆம்ப்ளிஃபயரைப் போலச்செய்யும் மென்பொருள் ஓடுகிறது. காலடியில் மிடி மிதிபலகை. மிதித்தால் காற்றும் போகாது, ஒலியும் போகாது; 0 முதல் 127 வரை ஓர் எண் போகும். அந்த எண் ஒலியளவைக் கூட்டுமா, எதிரொலியைக் குறைக்குமா என்பதை வாசிப்பவரே தீர்மானிக்கலாம். ஆக, உழைத்த கால் இப்போது கட்டளையிடுகிறது.

மாற்றம்தான். ஆனால் கையை விடுவிக்கக் காலைப் பழக்கும் வித்தை புதிதல்ல. பின்பாட்டுக்காரருக்கு இசை வரலாற்றில் ஒரு பக்கம்கூடத் தராமல் மிதிபலகையை மட்டும் நவீனம் என்று கொண்டாடினால், வானொலியின் பழைய தடையைத்தான் நாம் வேறு பெயரில் நீட்டிக்கிறோம்.